46 படைப்புகள், 40 அடி கூடம், சுவரில் ஆணி கூடாது: எப்படி மாட்டுவது?

அரசலாற்றங்கரை:

வணக்கம். கும்பகோணத்தில் உள்ளூர்க் கலைஞர்கள் 11 பேரின் படைப்புகளை வைத்து கார்த்திகையில் பத்து நாள் கண்காட்சி. இடம் ஒரு சமூகக் கூடம். நீளம் 40 அடி, அகலம் 20 அடி, கூரை 10 அடி. மேற்கு நீளச் சுவர் முழுக்க ஜன்னல். கிழக்குச் சுவர் காலி. தெற்குச் சுவரின் நடுவில் 4 அடி வாசல். வடக்குச் சுவரும் காலி. சுண்ணாம்பு அடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

கையில் இருப்பவை: கேன்வாஸ் 20 (சராசரி அகலம் 24 அங்குலம்), தஞ்சாவூர் ஓவியம் 9 (சட்டத்தோடு சேர்த்து 18 அங்குலம்), நீர்வண்ணம் 8, கருப்பூர்க் கலம்காரித் துணி 2, நெட்டி வேலை 4, சுடுமண் சிற்பம் 3.

எதில் மாட்டுவது, எந்த உயரத்தில், வெளிச்சம் எப்படி, கலைஞர்களுக்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தச்சன்மகள்:

முதலில் எண்ணிக்கை. 46 அதிகம். கிழக்குச் சுவர் 480 அங்குலம். அதில் 14 கேன்வாஸ் வைத்தால் படங்களுக்கே 336 போய்விடும். மீதி 144, அதை 15 இடைவெளியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 9.6 அங்குலம். அதற்குக் கீழே போனால் ஒரு படம் பக்கத்துப் படத்தைத் தின்னும். வடக்குச் சுவர் 240 அங்குலம். ஒன்பது தஞ்சாவூர் ஓவியத்தையும் அங்கே அடைத்தால் இடைவெளி 7.8தான் கிடைக்கும், தங்கத்தாள் வேலைப்பாடு உள்ள படங்கள் அத்தனை நெருக்கமாக நின்றால் நகைக்கடை ஷோகேஸ் மாதிரி ஆகிவிடும். ஏழு வையுங்கள், 14 அங்குலம் வரும். வாசல் சுவரில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கேன்வாஸ். ஆக இரண்டு கேன்வாஸும் இரண்டு தஞ்சாவூரும் வெளியே. யாருடையது வெளியே என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். அதிகம் கொடுத்தவரிடமே "எதை எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள்.

ஆணி கூடாதென்றால் பந்தல்காரரிடம் போங்கள். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கிளாம்பும் வாடகைக்குக் கிடைக்கும். சுவரை ஒட்டி 8 அடிக்கு ஒரு நிலைக்கால், 40 அடிக்கு ஆறு கால். தரையிலிருந்து 90 அங்குலத்தில் ஒரு குறுக்குப் பைப், முழங்கால் உயரத்தில் இன்னொன்று. காலின் தட்டுமேல் மணல் மூட்டை. இரண்டு முனைகளையும் பக்கத்துச் சுவரின் ஜன்னல் கம்பியோடோ தூணோடோ கட்டிவிடுங்கள். மணலை மட்டும் நம்பினால், யாராவது ஒரு பையன் பைப்பில் தொங்கினால் போச்சு. பைப்புக்கும் படத்துக்கும் நடுவே வெளுக்காத காடாத் துணியை இழுத்துக் கட்டினால் சுவர் அழுக்கும் பைப்பும் மறையும். வெள்ளைத் துணி வேண்டாம், வெளிச்சத்தில் கண் கூசும்.

உயரம்: படத்தின் மேல்விளிம்போ கீழ்விளிம்போ ஒரே கோட்டில் வர வேண்டியதில்லை, மையம்தான் ஒரே கோட்டில் வர வேண்டும். 57 அங்குலம் நம் ஊர் உயரத்துக்குச் சரியாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் நிறைய வருவார்கள் என்றால் 55. கணக்கு இப்படி: மைய உயரத்தோடு படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, படத்தின் மேல்விளிம்பிலிருந்து பின்பக்க வளையம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அதைக் கழியுங்கள். 24 அங்குல உயரப் படம், வளையம் 3 அங்குலம் கீழே: 57 + 12 − 3 = 66. பைப் 90இல் இருப்பதால் சங்கிலி 24 அங்குலம். ஒவ்வொரு படத்துக்கும் இந்த எண்ணை முன்கூட்டியே சீட்டில் எழுதிப் பின்னால் ஒட்டிவிட்டால், மாட்டும் நாளன்று ஏணிமேல் நின்று வாய்ப்பாடு சொல்ல வேண்டாம்.

ஒரு படத்துக்கு இரண்டு டி-வளையம், இரண்டு சங்கிலி. இரண்டு வளையத்துக்கும் நடுவே கம்பி கட்டி ஒற்றைக் கொக்கியில் மாட்டும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மின்விசிறி ஓடும் கூடத்தில் படம் பத்து நிமிடத்தில் சாய்ந்துவிடும். கம்பி விஷயத்தில் பலர் அறியாத ஒன்று: கம்பியை எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ அவ்வளவு இழுவிசை கூடும். கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்தால் ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழு எடை அளவுக்கு இழுபடும். 10 பாகைதான் சரிவு என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஐந்து கிலோ படத்தின் சட்டத்திலிருந்து திருகு பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். "மரம் மட்டம்" என்று பழி மரத்தின்மேல் விழும்.

தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்று ஆசைப்படாதீர்கள். நைலான் எடையில் நீளும், முடிச்சு வழுக்கும். மாலையில் நேராக மாட்டியது காலையில் அரை அங்குலம் இறங்கியிருக்கும். எஸ்-கொக்கி போட்டால் வாய்களைக் குறட்டால் நெருக்கிவிடுங்கள். படத்தின் கீழ் மூலைகளை மெல்லிய கம்பியால் கீழ்ப் பைப்போடு கட்டினால் ஆடாது. கடைசியில் ஒவ்வொரு படத்தின் மேலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கூடத்தின் தரை சரிவாக இருந்தால், தரையிலிருந்து அளந்த எல்லாமே சரிவாக வரும். ஒரு முனையில் அளந்து, அங்கிருந்து தண்ணீர்க்குழாய் மட்டம் பிடித்து 57ஐ நூல் கட்டிக்கொள்வது நல்லது.

நீர்வண்ணம் எட்டும் ஜன்னல் சுவரிலும் வேண்டாம், ஜன்னலைப் பார்த்தும் வேண்டாம். 8×4 பிளைவுட், 12 மி.மீ. தடிமன், நான்கு பலகை. இரண்டிரண்டாகக் கீல் போட்டு, ஏறக்குறைய செங்கோணமாக விரித்து நிறுத்துங்கள். ஒரு பலகையே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். கோணம் குறைந்தால் காற்றுக்கே சாயும். பலகைக்கு இரண்டு படம். திருகு அரை அங்குலத்துக்கு மேல் நீளம் வேண்டாம், மறுபுறம் முனை எட்டிப் பார்க்கும்.

மங்கல்_வெளிச்சம்:

மேற்கு ஜன்னலை முதலில் கவனியுங்கள். கார்த்திகையில் வெயில் அடிக்கும் நாளென்றால் மாலை நான்கு மணிக்கு அது தாழ்வாக உள்ளே வந்து எதிர்ச் சுவரில்தான் விழும், அதாவது உங்கள் 14 கேன்வாஸ்மேல். தடித்த திரை அல்லது ஜன்னலுக்கு உள்பக்கம் காடாத் துணி இரண்டு மடிப்பு.

கூடத்து டியூப்லைட்டை மட்டும் போட்டால் எல்லாப் படமும் ஒரே சாம்பல். எல்இடி ஃபோகஸ் வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான எண்) 90 அல்லது அதற்கு மேல், 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்) என்று இருக்கிறதா பாருங்கள். 80 உள்ளதில் சிவப்பு செத்துப்போகும், தஞ்சாவூர் ஓவியத்துக்கு அது பெரிய இழப்பு. விளக்கு படத்தின் மையத்தைச் செங்குத்துக்கு 30 பாகையில் பார்க்க வேண்டும். கூரை 120 அங்குலம், மையம் 57, வித்தியாசம் 63. அதை 0.58ஆல் பெருக்கினால் 36. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி விளக்கு. அதைவிடத் தள்ளினால் பார்ப்பவரின் நிழல் படத்தில் விழும், கண்ணாடியில் விளக்கே தெரியும். நெருங்கினால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல்பாதியை மூடும். தஞ்சாவூர் ஓவியத்தின் மேடான வேலைப்பாடும் பூதாகரமாக நிழலடிக்கும்.

அளவு: நீர்வண்ணத்துக்கும் கலம்காரிக்கும் 50 லக்ஸ் (படத்தின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 150 முதல் 200 வரை. லக்ஸ் அளக்கும் கைபேசிச் செயலி துல்லியமில்லை, ஆனால் ஒரு படத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும். 50 லக்ஸ் மங்கலாகத் தோன்றும். அந்த மூலையைச் சுற்றிப் பொது வெளிச்சத்தைக் குறைத்தால் கண் பழகிவிடும்.

கண்ணாடிச்சட்டம்:

தேதியை மாற்ற முடியுமானால் தைக்குத் தள்ளுங்கள். முடியாதென்றால் தொடர்ந்து படியுங்கள்.

மழைமாதத்தில் காற்றின் ஈரப்பதம் 70%க்கு மேல் சில நாள் நின்றால் பூஞ்சை பிடிக்கும், அதுவும் காற்றோட்டமில்லாத படத்தின் பின்பக்கத்தில். பைப்பில் மாட்டுவதில் ஒரு நன்மை, படம் சுவரை ஒட்டாது. பிளைவுட்டில் மாட்டும் நீர்வண்ணத்துக்குக் கீழ் மூலைகளில் பாட்டில் தக்கையைக் கால் அங்குலத் துண்டுகளாக வெட்டி ஒட்டுங்கள், காற்று போகும். புதுச் சுண்ணாம்புச் சுவரென்றால் ஓதம் இருக்கிறதா என்று உள்ளங்கை வைத்துப் பாருங்கள்; சில்லென்று இருந்தால் பைப்பை அரை அடி தள்ளிப் போடுங்கள்.

கேன்வாஸ் மழையில் தளரும். மூலையில் மர ஆப்பு இருந்தால் சுத்தியலால் மெல்லத் தட்டி இழுக்கலாம், நான்கு மூலையும் சமமாக. ஆப்பே இல்லாமல் மூலையை ஆணியடித்த சட்டம் நம் பக்கம் அதிகம். அவற்றின் பின்னால் தண்ணீர் தெளித்தால் விறைக்கும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது, செய்யாதீர்கள். காயும்போது துணி இழுத்து வண்ணம் வெடிக்கும். தளர்ந்தபடி பத்து நாள் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஏற்றி வருவது குட்டியானையில்தான் என்று நினைக்கிறேன். படங்களைப் படுக்க வைக்காதீர்கள். நிறுத்தி, முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு, நடுவே அட்டை. குமிழ் உறையை நேரடியாக வண்ணத்தின்மேல் சுற்றினால் அக்ரிலிக்கில் வட்டவட்டமாகத் தடம் விழும், வெயிலில் நின்ற வண்டியென்றால் ஒட்டியே போகும். முதலில் கேக் சுடும் சிலிக்கோன் தாள், அதன்மேல் குமிழ் உறை, குமிழ் வெளிப்பக்கம். கண்ணாடிமேல் பெருக்கல் குறியாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. வந்ததும் எடுத்துவிட வேண்டும், வெயிலில் காய்ந்தால் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

அரசலாற்றங்கரை:

மூவருக்கும் சேர்த்து நன்றி. 36 அங்குலக் கணக்கு எவ்வளவு எளிது! தேதி மாற்ற வழியில்லை.

கண்ணாடிச்சட்டம் ஐயா, இரண்டு சிக்கல். நீர்வண்ணத்தில் மூன்று படங்களுக்குக் கண்ணாடி நேரடியாகத் தாளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தஞ்சாவூர் ஓவியத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் புள்ளிகள். துடைத்துவிட்டு மாட்டலாமா? கலம்காரி, நெட்டி பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

கண்ணாடிச்சட்டம்:

நீர்வண்ணம்: பின்பக்கம் பிரித்துத் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அப்படியே மூடி, அந்தப் படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒட்டாவிட்டால், அமிலமில்லாத மவுண்ட் போர்டில் ஜன்னல் வெட்டி நடுவே வையுங்கள். ஒன்றரை மி.மீ. போர்டு ஒன்று போதும், தாள் நெளிந்திருந்தால் இரண்டு. படத்தை மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய தாள்கீலால் ஒட்டுங்கள். நாலாபுறமும் ஒட்டினால், ஈரத்தில் தாள் விரிய இடமின்றி நடுவில் புடைக்கும். செலோடேப் தொடவே கூடாது, சில வருடத்தில் பழுப்புக் கறை தாளுக்குள் இறங்கும்.

தஞ்சாவூர்: ஈரத்துணி ஆபத்து. அந்த மேடு சுண்ணாம்புத்தூளையும் பசையையும் குழைத்துக் கட்டியது, தண்ணீர் பட்டால் குழையும், தங்கத்தாள் தூக்கும். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த அறையில் கண்ணாடியைக் கழற்றுங்கள். புள்ளிகள் கண்ணாடியில் மட்டுமா, ஓவியத்திலுமா? கண்ணாடியில் மட்டுமென்றால் ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். ஓவியத்திலும் இருந்தால், மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் இரண்டு நாள் உலரவிட்டு, மென்மையான பிரஷால் மேட்டுப் பகுதியைத் தவிர்த்து வெளிநோக்கித் தட்டிவிடுங்கள். மேட்டில் பூத்திருந்தால் வரைந்தவரிடமே கொடுங்கள். வெயிலில் வைத்துக் காயவைக்கும் யோசனை வந்தால் விரட்டிவிடுங்கள். பலகை வளையும், மேடு விரிசல் விடும். கண்ணாடி மறுபடி மாட்டும்போது அது ஓவியத்தில் பதித்த கற்களைத் தொடாதபடி சட்டத்தின் உள்விளிம்பில் கால் அங்குல ரீப்பர் (மெல்லிய மரப்பட்டை) இருக்க வேண்டும். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைக்கும் வழக்கமும் வேண்டாம், அதன் ஆவி சில வார்னிஷைப் பிசுபிசுப்பாக்கும்.

எடை தெரியாவிட்டால் வீட்டு எடைமேடையில் படத்தோடு ஏறி, பிறகு படமில்லாமல் ஏறி, கழித்துக்கொள்ளுங்கள்.

நெட்டிப்பூ:

கலம்காரியைக் கிளிப் போட்டுத் தொங்கவிடாதீர்கள். கிளிப் பிடித்த இடத்தில் எல்லா எடையும் இறங்கித் துணி பல்போலத் தொங்கும். மேல்விளிம்பின் பின்னால் மூன்று அங்குல அகலப் பருத்திப் பட்டியைக் கையால் தைத்து, அதற்குள் மரச்சட்டமோ அலுமினியக் குழாயோ நுழைத்து, குழாயைச் சங்கிலியில் மாட்டுங்கள். தையல் அலங்காரக் கரையில் விழாமல் நூலிழைகளுக்கு நடுவே போக வேண்டும். வந்த துணி தொம்பையாக (உருளை வடிவத் தொங்கல்) இருந்தால், அது உருளையாகத் தொங்கவே செய்தது. விரித்துச் சுவரில் அறைந்தால் அதன் வடிவமே போச்சு. மேல்வளையத்தோடு கூடத்தின் நடுவே, ஆள் சுற்றிவரும்படி தொங்கவிடுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே வேண்டாம். மடித்து வந்திருந்தால் இஸ்திரி போடாதீர்கள், இரண்டு நாள் தொங்கினால் மடிப்பு பாதி போகும்.

நெட்டி சதுப்பில் வளரும் செடியின் தண்டுச் சோறு. தெர்மாகோலைவிடக் கொஞ்சம்தான் கனம், விரல் நகம் பட்டாலே பள்ளம். பெரிய கோயில் கோபுரம் என்றால் சன்னத்துண்டுகள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கும். கண்ணாடிப் பெட்டி கட்டாயம். பெட்டிக்குள் ஒரு மூலையில் சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் மாற்றுங்கள். வெயிலில் மஞ்சளிக்கும். தூக்கும்போது கோபுரத்தைப் பிடிக்காமல் அடிப்பலகையைப் பிடியுங்கள்.

சுடுமண்: கழுத்தையும் காலையும் பிடித்துத் தூக்குவதால்தான் குதிரைகள் உடைகின்றன. ஒரு கை அடியில், ஒரு கை உடலில். பீடம் 12×12 அங்குலம், 36 உயரம், பிளைவுட் பெட்டி. உள்ளே அடியில் இரண்டு மணல் மூட்டை போடாவிட்டால் பீடம் சிற்பத்தோடு சேர்ந்து சாயும். சுவரோரமாக, பைகள் உரசாத இடத்தில்.

திறப்பு விழாக் குத்துவிளக்கை கூடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில் ஏற்றுங்கள். நல்லெண்ணெய்ப் புகை கலம்காரியில் படிந்தால் போகாது. நெட்டி காய்ந்த தக்கை போன்றது, ஒரு பொறி போதும். இன்னொன்று: தஞ்சாவூர்க் கிருஷ்ணனைப் பார்த்தால் நம் ஜனங்கள் கும்பிடாமல் போக மாட்டார்கள், பூ வைப்பார்கள், குங்குமம் இடுவார்கள். தடுத்து என்ன பயன்? அந்தச் சுவருக்கு முன் ஒன்றரை அடி தள்ளி ஒரு கயிறும், வாசலில் ஒரு தட்டும் வைத்துவிடுங்கள், பூ அங்கே போகும்.

கணக்குப்பிள்ளை:

மாட்டுவதற்கு முன்னாலேயே ரசீது. கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் போதும். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு வரி: பெயர், ஊடகம், உயரம் × அகலம், வருடம், விலை, இப்போதைய நிலை ("இடக் கீழ்மூலையில் சட்டம் கீறல்" என்பது போல). முன்பக்கம், பின்பக்கம் புகைப்படம், கலைஞர் எதிரிலேயே. பழுதுச் சண்டையில் பாதி, கொண்டுவரும்போதே இருந்த கீறலைப் பற்றித்தான்.

அதே தாளில் கழிவு (விற்ற விலையில் உங்கள் பங்கு) எவ்வளவு, பணம் எத்தனை நாளில், விற்காததை எந்தத் தேதிக்குள் எடுத்துப் போக வேண்டும், கூடத்தில் சேதமானால் யார் பொறுப்பு என்பதும் வர வேண்டும். கழிவு 20 முதல் 25% நியாயம். தஞ்சாவூருக்கும் 25% வாங்காதீர்கள், அதில் தங்கத்தாளும் சட்டமும் கலைஞரின் கைக்காசு, 15% போதும். பேரம் நடந்தால் யார் தலையில்? இதை எழுதாமல் விட்டுத்தான் மனக்கசப்பு வருகிறது. 12,000 ரூபாய்ப் படத்துக்கு 10% குறைத்தால் 10,800. 25% கழிவைக் குறைந்த விலைமேல் கணக்கிட்டால் உங்களுக்கு 2,700, கலைஞருக்கு 8,100. இருவரும் சேர்ந்து தாங்குகிறார்கள். கலைஞரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது.

படம் விற்றாலும் அதன் பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். வாங்கியவர் அதை காலண்டரில் போட எழுத்துமூல அனுமதி வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையை எழுத்தில்தான் மாற்ற முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். நீங்கள் துண்டறிக்கையில் படம் அச்சிடுவதற்கும் ரசீதிலேயே ஒரு வரி சம்மதம் வாங்குங்கள்.

யாராவது வீட்டுப் பழைய தஞ்சாவூர் ஓவியத்தைக் காட்சிக்குத் தருகிறேன் என்றால் வயதைக் கேளுங்கள். நூறு வருடம் தாண்டியது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், பதிவுச் சான்று பார்க்காமல் வாங்கி வைக்காதீர்கள்.

பெயர்ச்சீட்டு 5×3 அங்குலம், எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல், படத்தின் வலக் கீழ்ப்புறம். தமிழ் மேலே. ஊடகத்தை உள்ளபடி எழுதுங்கள்: 22 காரட் தங்கத்தாள் என்றால் அப்படி, மினுக்குத்தாள் என்றால் அதையும் அப்படியே. அச்சுப்பிரதி என்றால் 3/25 (25 பிரதிகளில் மூன்றாவது) என்று எண் வேண்டும். விற்றதும் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள், படத்தைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்; நான்காம் நாள் காலி இடங்கள் தெரிந்தால் மீதி விற்காது.

அரசலாற்றங்கரை:

பந்தல்காரரிடம் கேட்டேன், அவரிடம் ஒன்றரை அங்குலம் இல்லை, ஒன்றேகால்தான். தாங்குமா?

தச்சன்மகள்:

8 அடி இடைவெளியில் நடுவில் தொய்யும். 5 அடிக்கு ஒரு கால் போடுங்கள், ஒன்பது கால் ஆகும். காலுக்குப் பக்கத்தில் கனமான படம், நடுவில் லேசானது. தஞ்சாவூர்ச் சுவருக்கு மட்டும் 4 அடிக்கு ஒன்று.